சுடுதண்ணிக்குள் ஒரு குளிர்காலம்

பரிஸில எங்கட ஆக்களின்ர கடைத்தெரு, லா சப்பலுக்கு இப்ப நான் சாமான் வாங்கப் போறதெண்டால், கடையள் இரும்புக் கதவு தூக்கிற நேரத்துக்கே போயிடுவன். அந்த நேரம் மரக்கறிப் பெட்டி இறக்கிற ஆக்களைத் தவிர ஆரும் நிக்கமாட்டினம். அவைக்கு என்னோட கதைக்க நேரமில்லை. கொஞ்சம் பிந்தினால் போச்சு. முருங்கைக்காயில கை வைக்க முதல் ஆரும் வந்து தோளில தட்டுவினம். "அக்கா, அண்ணைக்குக் கால் எடுத்துப்போட்டினமாம், மெய்யே? என்னெண்டு நடந்தது?"

கேக்கிறவைக்கு என்ர மறுமொழி தேவையில்லை. அவையே சொல்லி முடிச்சிடுவினம். சீன வைத்தியமெண்டால் முழுக்க நஞ்சாம். இல்லையாம், பிரெஞ்சு டொக்டர்மாருக்கு வெட்டுறதுதான் லேசாம். போன கிழமை ஒரு மனிசி, "ஊரில எண்டால் ஒரு எண்ணெய் பூசி மாத்தியிருக்கலாம்" எண்டு சொல்லிச்சுது. ஊரில எண்டால் காலோட ஆளும் போயிருக்கும் எண்டு வாய் மட்டும் வந்தது. விழுங்கிக்கொண்டு வெண்டிக்காய் பொறுக்கினன்.

ஆனபடியால் ஒருக்கா முழுசாச் சொல்லி விடுறன். இதுக்குப் பிறகு ஆரும் என்னைக் கேக்கப்படாது.

என்ர மனுசன் சமையல்காரர். இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு கிழங்கு சீவி, பிறகு அடுப்படிக்கு ஏறி, கடைசியில வெள்ளைக்காரருக்கு அவையின்ர சாப்பாட்டையே அவையின்ர தாய்மாரை விட வடிவாச் சமைச்சுக் குடுத்தவர். கார் து நோர் ஸ்டேசனுக்குப் பக்கத்தில ஒரு ரெஸ்டோரண்ட். குசினி நிலத்துக்குக் கீழ. யன்னல் இல்லை. வெளியில பனியோ வெயிலோ எண்டு தெரியாது. அடுப்புக்கு முன்னால வேர்த்து ஒழுகிக்கொண்டு நிண்டவர், அப்பிடியே குளிரறைக்குள்ள ஓடிப்போய் இறைச்சி எடுத்துக்கொண்டு வருவார், திரும்ப அடுப்பு. அங்கை மார்கழியிலயும் ஸ்ரோபெரி வரும், ஆடியிலயும் ஆரோ பூசணிக்காய் சூப் கேப்பினம். அந்த மனுசனுக்குத் தெரிஞ்ச பருவகாலம் ரெண்டே ரெண்டுதான். சாப்பாட்டு நேரம், சாப்பாட்டு நேரம் இல்லாத நேரம்.

இருட்டோட போய் இருட்டோட வருவார். போறதும் மெத்ரோ, அதுவும் கீழாலதான். மகள் சின்னனா இருக்கேக்க, அப்பா எங்கை எண்டு ஆரும் கேட்டால் கையை நிலத்தைக் காட்டி "கீழ" எண்டுவாள். நாங்கள் சிரிப்பம். அவரும் சிரிப்பார். சிரிச்சுப்போட்டு எப்பவும் ஒரு கதைதான் சொல்லுவார். "ஓய்வு கிடைக்கட்டும், இந்தப் பரிஸ் முழுக்க மேலால நடந்து பாக்கிறனோ இல்லையோ பாரும்." அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். காணி வாங்க வேணும், வீடு கட்ட வேணும் எண்டெல்லாம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நடக்க வேணும். அவ்வளவுதான்.

அவரின்ர இன்னொரு குணத்தையும் சொல்ல வேணும், இல்லாட்டில் மற்றது விளங்காது. அகதி விசாரணைக்கு முதல்தரம் போகேக்க, கேள்வி கேட்ட அதிகாரி நல்ல மனுசனாத் தெரிஞ்சிருக்கிறார். இவரும் மரியாதைக்கு நாலு சொல்லுக் கூடக் கதைச்சிருக்கிறார். கொழும்பில மாமா ஒராள் தன்னைக் கொஞ்சக்காலம் வைச்சு வடிவாப் பாத்தவர் எண்டு. வந்த முடிவில என்ன இருந்தது? உமக்குக் கொழும்பில பாதுகாப்பு இருந்திருக்கு, திரும்பிப் போகலாம் எண்டு. மாமா போட்ட சோத்துக்கு இவர் வருசக்கணக்கா விசா இல்லாமல் ஒளிச்சுத் திரிஞ்சவர். ரெண்டாந்தரம் போகேக்க மொழிபெயர்க்கிறவர் சொல்லி அனுப்பினது ஒண்டே ஒண்டு. கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ, அதுவும் கட்டையாச் சொல்லுங்கோ. அதோட கார்த், வதிவிட அட்டை, கிடைச்சுது. அண்டையிலயிருந்து எந்த மேசைக்கு முன்னால கொண்டுபோய் இருத்தினாலும் மனுசன்ர வாய்க்குப் பூட்டு. வங்கியில, நகரசபையில, மகளின்ர பள்ளிக்கூடத்தில. "வேற ஏதும் இருக்கோ மிசியு?" எண்டு கேள்வி முடிய முதல் "நோன்", இல்லை எண்டு வந்திடும். எனக்குப் பத்திக்கொண்டு வரும். வெளியில வந்து பேசுவன். "கூடக் கதைச்சால் கரைச்சலப்பா" எண்டுவார்.

சலரோகமும் அவருக்குக் கனகாலமா இருக்கு. இரத்தத்தில சீனி ஏறுற அந்தச் சனியன்தான். எங்கட ஆக்களில ஆருக்கு இல்லை? கலியாண மண்டபத்தில சாப்பாட்டுக்கு முதல் பாத்தால், ஒவ்வொருத்தரும் பொக்கற்றுக்குள்ளால குளிசையை எடுத்துப் போட்டு, பக்கத்தில இருக்கிறவரிட்டையும் "போட்டிட்டியளோ?" எண்டு விசாரிச்சுக்கொண்டு இருப்பினம். அதை ஆரும் வருத்தம் எண்டு சொல்லுறதில்லை. வருத்தம் எண்டால் படுக்க வேணும், ஆக்கள் அப்பிள் கொண்டு பாக்க வர வேணும். சலரோகம் சும்மா வீட்டில இருக்கிற ஒராள் மாதிரி. அதுக்கெண்டு ஒரு டொக்டரிட்டைச் சில மாதங்களுக்கு ஒருக்காப் போவார். இரத்தம் குத்திப் பாப்பினம், குளிசை எழுதிக் குடுப்பினம், "எல்லாம் சரியோ?" எண்டால் "வுய்", ஓம் எண்டிட்டு வந்திடுவார்.

கால் விறைக்கத் தொடங்கினது வேலையில நிக்கேக்கையே. பஞ்சில நடக்கிற மாதிரிக் கிடக்கு எண்டு சொல்லுவார். "டொக்டருக்குச் சொன்னீங்களோ?" எண்டு கேட்டன். "அவர் கேக்கேல்லை." "உங்கட வாய் எங்கை போனது?" எண்டு கத்தினன். "நான் அவரிட்டைப் போறது சலரோகத்துக்கெல்லோ" எண்டார். சப்பாத்தைக் கழட்டிக் காட்டுறதும் அவருக்கு வெக்கம். சமையல்காரன்ர கால், குதி வெடிச்சு, நகம் கறுத்து. படிச்ச ஒராளுக்கு முன்னால அதை நீட்டுறதோ எண்டு.

போன கோடையில ஓய்வு வந்தது. வந்த அடுத்த கிழமையே நடக்கத் தொடங்கிட்டார். காலமை தேத்தண்ணியோட வெளிக்கிட்டால் மத்தியானத்துக்குத்தான் வருவார். கால்வாய்க் கரையால நடந்து சென் தெனிச் சந்தை மட்டும் போயிட்டு, ஒரு கட்டு மல்லிக்கீரையோட வந்து நிப்பார். "அதைத்தானே கீழ கடையில விக்கிறாங்கள்" எண்டால், "நடந்து போய் வாங்கினது" எண்டுவார், ஏதோ தங்கம் கொண்டு வந்த மாதிரி. எங்கட யன்னலுக்கு எதிர்ப்பக்கம், மெத்ரோ போற பாலத்துக்குப் பக்கத்தில ஒரு பெரிய மரம் நிக்குது. ஒருநாள் அதைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "உந்த மரம் உங்கை எப்ப வந்தது?" எண்டு என்னைக் கேட்டார். நாங்கள் அந்த வீட்டுக்கு வர முதலே அது அங்கைதான் நிண்டது.

ஒருநாள் பின்னேரம் நடையால வந்தவர், ஒரு காலில செருப்பில்லாமல் வாசல்ல நிண்டார். "மற்றது எங்கை?" எண்டு கேட்டன். குனிஞ்சு பாத்தார். அப்பத்தான் அவருக்கே தெரியுது. எங்கையோ றோட்டில கழண்டு விழுந்திருக்கு, வெறுங்காலோட வந்திருக்கிறார், தெரியேல்லை. நான் வயிறு நோகச் சிரிச்சன். அவரும் சிரிச்சார். பிறகு கதிரையில இருந்து அந்தக் காலைக் கையில எடுத்து உள்ளங்காலைத் தடவித் தடவிப் பாத்தார். அப்ப அவர் சிரிக்கேல்லை.

அவரோட ஒண்டா வேலை செய்த சீனாக்காரர் ஒராள்தான் அந்த வைத்தியப் பொம்பிளையைப் பற்றிச் சொன்னவர். லா சப்பல் பாலத்தடியில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு, சலவைக்கடைக்குப் பக்கத்தில சின்ன இடம். கண்ணாடிக்குள்ள வேரும் பட்டையும் போத்தல் போத்தலா அடுக்கிக் கிடக்கும். இவர் தனியத்தான் போனவர். போகேக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார், வரேக்கை மாப்பிளை மாதிரி வந்தார்.

"இஞ்சரும், அந்த மனிசி என்ர கையைப் பிடிச்சு மூண்டு விரலால நாடி பாத்தவ. எவ்வளவு நேரம் தெரியுமே? எங்கட டொக்டர் ஒராளைப் பாத்து முடிக்கிற நேரத்தை விடக் கூட. பிறகு நாக்கை நீட்டச் சொன்னவ. நீ என்ன வேலை செய்தனி, எத்தினைக்கு எழும்பினனி, எங்கை நிண்டனி எண்டெல்லாம் கேட்டவ."

"நீங்கள் எல்லாத்துக்கும் நோன் எண்டிருப்பியள்."

"இல்லையப்பா. வேலையைப் பற்றிச் சொன்னனான்."

அந்தப் பொம்பிளை அவருக்குச் சொன்னது இதுதான். இவ்வளவு காலமும் நீ காலத்துக்கு எதிரா வாழ்ந்திருக்கிறாய். குளிர்காலத்தில விதை மண்ணுக்குள்ள படுக்கும், மிருகம் பொந்துக்குள்ள படுக்கும், நீ மட்டும் இருட்டோட எழும்பி வேர்த்திருக்கிறாய், வேர்வையோட குளிரறைக்குள்ள ஓடியிருக்கிறாய். உள்ளுக்குள்ள இருக்கிற நெருப்பு அணைஞ்சு போச்சு. குளிர்காலம் சிறுநீரகத்தின்ர காலம். அங்கை சூடில்லாட்டில் கால் குளிரும், விறைக்கும். இனி வெய்யிலோட எழும்பு, இருட்டோட படு. பச்சையாச் சாப்பிடாதை, ஐஸ் தண்ணி குடியாதை. இலை கொட்டுற காலத்தில கழுத்தை மூடு, பேரிக்காய் அவிச்சுச் சாப்பிடு. குளிர்காலத்தில கறுப்பா இருக்கிற தானியம் சாப்பிடு. வசந்தத்தில விடிய எழும்பி நட. இப்ப வேண்டாம், இப்ப காலுக்குச் சூடு வேணும்.

"கண்டறியாத வைத்தியம்" எண்டன் நான். எங்கட ஆக்களுக்குச் சூடெண்டால் பயம். வாயில புண் வந்தாலும் சூடு, கண் சிவந்தாலும் சூடு, பிள்ளை அழுதாலும் சூடு. எல்லாத்துக்கும் மோரும் வெந்தயமும்தான். இந்தப் பொம்பிளை என்னெண்டால் குளிரைக் கண்டு பயப்பிடுது. ஆனால் அவர் கறுப்புத் தானியமெண்டு எள்ளையும் உளுந்தையும் சொல்லத்தான் எனக்கும் கொஞ்சம் வாய் அடங்கிச்சுது. உளுத்தங்களி கிண்டிக் குடுத்தன். "சீனாவில இருந்து ஒராள் வந்து சொல்ல வேண்டி இருந்திருக்கு நீங்கள் இதைச் சாப்பிட" எண்டு குத்திக் காட்டினன். கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிட்டார்.

அதுக்குப் பிறகு ஒருக்கா, ஆள் எப்பிடியெண்டு பாப்பம் எண்டு நானும் அவரோட போனனான். என்னைத் திரைச்சீலைக்கு வெளியில ஒரு நீள வாங்கில இருத்தினவ. சீலை இடுக்குக்குள்ளால பாத்தன். என்ர வயசுதான் இருக்கும், கண்ணாடி போட்ட மெல்லிய மனிசி, கண்ணை மூடிக்கொண்டு என்ர மனுசன்ர மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. பறவையைப் பிடிக்கிற மாதிரி அவ்வளவு பக்குவமா. இவரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். எனக்குச் சரியான எரிச்சல். அவரைக் கட்டின நாள்முதலா நான் அந்தக் கையை அப்பிடிப் பிடிச்சதில்லை. எனக்கு எங்கை நேரம்? அவருக்கு எங்கை நேரம்?

ஆனால் உண்மையையும் சொல்ல வேணும். அந்த இலை கொட்டின காலம் மாதிரி அவர் ஒருநாளும் சந்தோசமா இருக்கேல்லை. கழுத்தில மவ்ளர். காலமை வெளிச்சம் வந்த பிறகு எழும்பி, யன்னலடியில நிண்டு மரத்தைப் பாப்பார். "இண்டைக்கு இன்னும் கொஞ்சம் கொட்டிட்டுது" எண்டு எனக்கு வந்து சொல்லுவார். எலும்பு சூப்பைச் சின்ன நெருப்பில வைச்சிட்டு, அது கொதிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு குசினியில இருப்பார். ஓடாமல், ஆருக்கும் பரிமாறாமல், தனக்கெண்டு சமைச்ச சாப்பாடு. மனுசன் முதல்தரமா ஒரு வருசத்தின்ர பருவங்களுக்குள்ள இருந்தார். அதைப் பாக்க எனக்கும் பிடிச்சிருந்தது. அதுதான் எனக்கு இப்பவும் நெஞ்சுக்குள்ள நிக்குது.

குளிர் இறங்கின உடன கால் கழுவல் தொடங்கிச்சுது. பின்னேரத்தில பேசினுக்குள்ள சுடுதண்ணி, அதுக்குள்ள இஞ்சியும் உப்பும். ரெண்டு காலையும் கணுக்கால் மட்டும் வைச்சுக்கொண்டு, உடம்பு லேசா வேர்க்கிற மட்டும் இருக்கச் சொல்லியிருந்தவ. எல்லாத்தையும் தானே செய்வார். கேத்திலைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு, தண்ணி ஆற ஆற ஊத்துவார். வீடு முழுக்க இஞ்சி மணக்கும். அந்த நேரம் தொலைக்காட்சியில செய்தி போகும். நான் குசினியில நிப்பன். "சூடு ஏறுதோ?" எண்டு கேட்டால், "இன்னும் ஏறேல்லையப்பா, ஏறும்" எண்டுவார்.

ஒருநாள் அப்பிடித்தான், செய்தி முடிஞ்சுது, பேசினை எடுத்து ஊத்துவம் எண்டு போனன். குனிஞ்சு கை வைச்சன். ஐயோ, நெருப்பு! கையை உதறிக்கொண்டு பின்னால போய் மேசையில அடிபட்டன். அவர் என்னைத் திரும்பிப் பாத்து, "என்னப்பா, ஏதும் குத்திட்டுதோ?" எண்டு கேக்கிறார். அவரின்ர ரெண்டு காலும் அந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்குது. முகத்தில ஒரு நோவும் இல்லை.

"காலை எடுங்கோ! எடுங்கோ எண்டுறன்!"

எடுத்தார். இடது கால் முழுக்க நீர் கொப்பளம். விரலுக்குப் பக்கத்தில தோல் உரிஞ்சு வெள்ளைச் சொக்ஸ் கழண்ட மாதிரித் தொங்கிச்சுது. வலது கால் சிவந்து கிடந்தது. அவர் அதைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார். "எனக்கு ஒண்டும் செய்யேல்லையே" எண்டார். "நாளைக்குப் பாப்பம்" எண்டும் சொன்னார். நான் என்ன பேசினன் எண்டு எனக்கு ஞாபகமில்லை. லெ பிளாங்-மெனில்ல இருக்கிற மகளுக்குப் போன் அடிச்சன், அவள் அங்கையிருந்தே அம்புலன்ஸ் கூப்பிட்டாள்.

ஆசுப்பத்திரியில ஒரு சின்ன டொக்டர் பெட்டை, மெல்லிய நைலோன் நூலால உள்ளங்காலில தொட்டுத் தொட்டு, "இது தெரியுதோ? இது தெரியுதோ?" எண்டு கேட்டுது. அவர் முகட்டைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் தொட்டது ஒண்டும் அவருக்குத் தெரியேல்லை. "டியாபெத் எவ்வளவு காலமா இருக்கு?" எண்டு சலரோகத்தைக் கேட்டுது. டக்கெண்டு சொன்னார், வருசத்தோட, குளிசையின்ர பேரோட. அங்கை கேட்டவை, சொன்னார்.

வலது கால் மாறிச்சுது. இடது கால் மாறேல்லை. சீனி ஏறின இரத்தம் காயத்தை மூட விடாதாம். முதல்ல விரல்கள் கறுத்துது, எடுத்தவை. பிறகு பாதம் மணக்கத் தொடங்கிச்சுது. நான் அந்த மணத்தை முதல் நாளே பிடிச்சிட்டன், தாதி வந்து கட்டு அவிழ்க்க முதல். கடைசியில முழங்காலுக்குக் கீழ வெட்ட வேணும் எண்டு சொன்னவை. மகள் பிரெஞ்சில கேள்வி கேள்வியாக் கேட்டாள், அவையும் பிரெஞ்சில சொன்னவை. இவர் கையெழுத்து வைக்கிறதுக்கு முதல் ஒண்டே ஒண்டுதான் கேட்டார். "பிறகு நடக்கலாமோ?" டொக்டர் செயற்கைக் கால், பயிற்சி, பொறுமை எண்டு என்னென்னவோ சொன்னார். இவர் "வுய், வுய்" எண்டு தலையாட்டினார்.

வெட்டின அடுத்த நாள் நான் அந்தச் சீனப் பொம்பிளையிட்டைப் போனன். ஆசுப்பத்திரியில இருந்து நேர, அதே உடுப்போட. வாங்கில ரெண்டு பேர் இருந்தவை, எனக்கென்ன. திரைச்சீலையை இழுத்துத் திறந்து கத்தினன். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ், என்ர வாயில என்னென்ன ஊத்தை வந்துதோ அதெல்லாம். உன்ர சுடுதண்ணி என்ர மனுசன்ர காலைத் திண்டிட்டுது எண்டன். நாசமாப் போ எண்டன். அவ எழும்பி நிண்டா. என்னை நிப்பாட்டேல்லை. நான் மூச்சு விட நிண்ட இடத்தில, மெல்ல, "சுட்டது அவருக்குத் தெரியேல்லையோ?" எண்டு கேட்டா.

"என்னெண்டு தெரியும்? டியாபெத்காரனுக்கு என்னெண்டு தெரியும்?"

அவ ரெண்டு கையையும் மேசையில ஊண்டினா. முகத்தில இரத்தமில்லை. பிறகு சொன்னா, முதல் நாளே தான் கேட்டதாம். ஏதும் வருத்தம் இருக்கோ, மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ எண்டு. எல்லாரையும் கேக்கிறதாம். இல்லை எண்டாராம். திரும்பவும் கேட்டாவாம். சிரிச்சுக்கொண்டு, "நோன் மதாம், ஒண்டுமில்லை" எண்டாராம். தெரிஞ்சிருந்தால் அந்தக் காலுக்குச் சுடுதண்ணியைக் காட்டியிருக்கவே மாட்டனெண்டும், அண்டைக்கே ஆசுப்பத்திரிக்கு அனுப்பியிருப்பனெண்டும் சொன்னா. எனக்கு இன்னும் கத்த வேணும் போல இருந்தது. வெளியில வந்து பாலத்தடியில நிண்டு, மேலால மெத்ரோ போகப் போக அழுதன்.

திரும்பிப் போய் அவரிட்டைக் கேட்டன். மகளும் பக்கத்தில நிண்டவள்.

"அந்த மனிசி உங்களைக் கேட்டதாமே, வருத்தம் இருக்கோ எண்டு. ஏன் சொல்லேல்லை?"

அவர் யோசிச்சார். உண்மையாவே யோசிச்சார், ஒளிக்கேல்லை. "நான் கால் விறைப்புக்கெல்லோ போனனான். சலரோகத்துக்குத்தான் வேற டொக்டர் இருக்கிறாரே. அதை ஏன் இவவிட்டைச் சொல்லுவான்?" பிறகு போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "கேட்ட உடன நோன் எண்டு வந்திட்டுதப்பா" எண்டார்.

மகள் பிரெஞ்சில வெடிச்சாள். ஏன் பப்பா, ஏன், ஆர் உன்னை என்ன செய்வினமெண்டு பயந்தனி எண்டு. பிரெஞ்சுக் கார்த்தோட வளந்த பிள்ளை. அவளுக்கு எந்த மேசையும் வெறும் மேசைதான். எனக்கு ஆரோட கோவிக்கிறதெண்டு தெரியேல்லை. கொழும்பு மாமாவோடயோ? அந்த மனுசன் எப்பவோ செத்துப்போனார்.

எங்கட வீடு நாலாம் மாடி. லிப்ட் இல்லை. வேற வீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறம், வரும் எண்டுகினம். வெட்டின இடமும் கெதியா மாறுதில்லை, அது மாறினால்தான் செயற்கைக் காலை அளவு எடுக்கலாமாம். ஆசுப்பத்திரிக்குப் போறதெண்டால் ரெண்டு பேர் வந்து கதிரையோட தூக்கிக்கொண்டு இறங்குவினம். வேற எதுக்கும் அவர் இறங்கிறதில்லை. இவ்வளவு காலமும் நிலத்துக்குக் கீழ கிடந்த மனுசன் இப்ப நாலாம் மாடியில கிடக்கிறார். றோட்டு மட்டும்தான் அவருக்குக் கிடைக்கேல்லை.

வசந்தம் வந்தது. மரத்தில குருத்து வைச்சதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். அந்தக் கிழமை ஒருநாள் மத்தியானம் கதவு தட்டிக் கேட்டுது. திறந்தால் அந்தச் சீனப் பொம்பிளை. நாலு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, கையில ஒரு பை பேரிக்காய். எனக்குக் கதவை முகத்தில அடிச்சுச் சாத்த வேணும் போல இருந்தது. உள்ளுக்கிருந்து இவர், "ஆரப்பா? உள்ளுக்கு வரச் சொல்லும். தேத்தண்ணி போடும்" எண்டார். போட்டன். என்னத்தைச் செய்யிறது?

அவ அவருக்கு முன்னால இருந்து கையை நீட்டினா. இவர் மணிக்கட்டைக் குடுத்தார். அவ நாடி பாத்தா. ரெண்டு பேரும் முந்தின மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு இருந்தவை. பிறகு இவர் கண்ணைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆவலாக் கேட்டார்.

"மதாம், இப்ப வசந்தம் வந்திட்டுது. இந்தக் காலத்தில நான் என்ன செய்ய வேணும்?"

வசந்தத்தில என்ன செய்ய வேணும் எண்டு அவ எப்பவோ சொல்லிப்போட்டா. எனக்கும் ஞாபகம் இருந்தது, அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். விடிய எழும்பி நட. அவ மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. தேத்தண்ணியைத் தொடவும் இல்லை. போகேக்க வாசல்ல என்ர கையைப் பிடிச்சா. நான் இழுத்துக்கொள்ளேல்லை. அவ்வளவுதான் என்னால ஏலும்.

அண்டைக்குப் பின்னேரம் நான் பேரிக்காய் சீவிக்கொண்டு நிண்டன். முன்னறையில செய்தி போய்க்கொண்டிருந்தது. திடீரெண்டு, "ஆ!" எண்டு ஒரு சத்தம். ஓடிப்போனன். கதிரைக் கைபிடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, நெத்தி வேர்த்து, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறார்.

"என்னப்பா? என்ன செய்யுது?"

"கால் சுடுகுது. ஐயோ, தாங்கேலாமல் சுடுகுது."

"எந்தக் கால்?"

அவர் கையால காட்டினார். முழங்காலுக்குக் கீழ காற்சட்டையை மடிச்சுப் பின் குத்தின இடத்துக்கும் கீழ, வெறும் நிலத்தை. வெட்டின கால் இன்னும் இருக்கிற மாதிரி நோகும் எண்டு ஆசுப்பத்திரியில சொல்லித்தான் விட்டவை. ஆனால் நான் இப்பிடி வரும் எண்டு நினைக்கேல்லை. கொதிதண்ணிக்குள்ள கிடந்து ஒண்டும் தெரியாமல் இருந்த கால், எரிச்சு எங்கையோ போய் முடிஞ்ச கால், இப்ப வந்து சுடுகுது எண்டுது. கடவுளே, அண்டைக்கு ஒரு துளி, ஒரே ஒரு துளி இப்பிடிச் சுட்டிருக்கக் கூடாதோ?

"காலடியில இருந்து தண்ணியை எடும்" எண்டு கத்தினார். "கெதியா எடுமப்பா, தண்ணியை எடும்!"

நான் அவருக்கு முன்னால முழங்காலில இருந்தன். குனிஞ்சு, ரெண்டு கையாலயும் இல்லாத பேசினைப் பிடிச்சு, மெல்ல மெல்ல, சிந்தாமல், என்ர பக்கம் இழுத்து எடுத்தன். அவர் அதைப் பாத்துக்கொண்டே இருந்தார். கைபிடியில இருந்த கை கொஞ்சம் தளந்துது.

"இப்ப சரியோ?" எண்டு கேட்டன்.

"ஓம்" எண்டார்.